பக்கத்துப் பெட்டி

"இந்த முடிவு இன்று முதல் நடைமுறைக்கு வருகிறது" என்று திரையில் இருந்ததை அவள் வாசித்தாள்.



வேலையை விட்டு நீக்கப்படுகிறவரை அழைத்து, திரையில் வருவதை வாசிப்பது மட்டும்தான் அவள் வேலை. மன்னிப்புக் கேட்கக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது, ஆறுதல் சொல்லவே கூடாது. எல்லாம் பதிவாகிறது. இரண்டு பக்கமும் கேமரா கிடையாது. வேலை போகிறவர் அவளுக்கு ஒரு பெயர். அவருக்கு அவள் அதுகூட இல்லை, வெறும் 'மனிதவளப் பிரிவு'.

அவள் உட்கார்ந்திருந்தது பொது அலுவலகத்தின் கண்ணாடிப் பெட்டி ஒன்றில். கம்பெனிகள் சொந்தக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பாருங்கள் என்று ஆட்களை அனுப்பிவைக்கிற இடம் அது. ஆளாளுக்கு மீட்டிங் பேசிக் கூடத்தையே சந்தைக்கடையாக்கியதால், போன மாதம்தான் இந்தப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே அழுதாலும் வெளியே கேட்காது.

பக்கத்துப் பெட்டியில் ஜன்னல் சார் இருந்தார்.

அது அவள் வைத்த பெயர். யாருக்கும் சொந்த நாற்காலி இல்லாத இடத்தில், தினமும் முந்தி வந்து ஜன்னலோரத்தைப் பிடித்துவிடுவார். எதிர் நாற்காலியில் தன் பையைப் போட்டு வைத்திருப்பார். அவள் வந்ததும் எடுத்துக்கொள்வார். ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் பழக்கம். இருவர் காதிலும் எந்நேரமும் ஹெட்போன். ஒரு வார்த்தை பேசியதில்லை, எந்தக் கம்பெனி என்றும் கேட்டுக்கொண்டதில்லை.

இன்று பக்கவாட்டில் திரும்பி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன கஷ்டமோ பாவம் என்று நினைத்தாள்.

அவருடைய உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.

ஒரு கணம் கழித்து அவள் காதில் குரல் வந்தது. "மேடம், நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லிடுங்க."

தற்செயல் என்றுதான் முதலில் எண்ணினாள்.

மறுபடி உதடுகள் ஒட்டின. மறுபடி, கொஞ்சம் பிந்தி, காதில் "மேடம்."

அவள் கை கண்ணாடிப் பக்கம் போனது.

கண்ணாடியைத் தட்டலாம். தட்டினால் திரும்புவார். திரும்பினால் என்ன சொல்வது?

அடுத்த வரி திரையில் நின்றது. வாசித்தாள். அவள் வாசிக்க வாசிக்க, கைக்கெட்டும் தூரத்தில் அவர் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்ற கடைசி வரியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். அழைப்பு துண்டிக்கப்பட்ட பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். ஒருவழியாக முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது, அவர் வெளியே நின்றிருந்தார். அவள் அழுததைக் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறார்.

"உங்களையும் தூக்கிட்டாங்களாம்மா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"எனக்கும் இப்பதான் போன் வந்துச்சு. சொன்ன பொண்ணோட குரல் இருக்கே, அது சாகுற வரைக்கும் காதை விட்டுப் போகாதும்மா."

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

எங்காவது வேலை காலி என்று கேள்விப்பட்டால் முதலில் அவளுக்குத்தான் சொல்வதாகச் சொன்னார். சின்ன வயசு, மனசை விட்டுவிடக் கூடாது என்றார். பிறகு தன் போனை எடுத்தார்.

"உங்க நம்பரைச் சொல்லுங்கம்மா."

அவர் விரல் திரைமேல் காத்திருந்தது.

அவள் சொல்லவில்லை. போனை அவர் கையிலிருந்து வாங்கித் தானே எண்ணை அழுத்தினாள், கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி.