பெண் வீட்டார் பதில்

கிழக்குப் பார்த்த பிளாஸ்டிக் நாற்காலியில் மாப்பிள்ளை ஜானகிராமன், வயது எழுபத்து மூன்று.

அவருக்கு வலப்பக்கம், மாப்பிள்ளையின் அண்ணனாக, எங்கள் வாட்ச்மேன் மண்ணாங்கட்டி. தம்பியைவிட இருபது வயது இளையவர். எதிரே பெஞ்சில், பெண்ணின் தாய்மாமனாக, ஆபீஸ் கிளார்க்கான நான். கதவோரம், பெண்ணுக்கு அக்காவாக, நர்ஸ் ஹேமலதா.

பெண் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தார்.

கருவடிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்தில், ஞாபகமறதி உள்ளவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் எந்த வருஷத்தில் இருக்கிறார்களோ அந்த வருஷத்துக்கு நாங்களும் போய்விடுவோம். பாக்கியலட்சுமி அம்மா கொஞ்ச நாளாகக் கல்யாணம் ஆகாத பெண்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜானகிராமன் வழக்கம்போல லாஸ்பேட்டையிலிருந்து வந்து, மனைவியின் கட்டிலில் உட்கார்ந்தார். "யாருடா நீ?" என்று அந்த அம்மா போட்ட கூச்சலில் மாடியே கூடிவிட்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முன்பின் தெரியாத ஆண் ஒரு கன்னிப்பெண்ணுக்கு எதிரில் உட்கார ஒரே ஒரு காரணம்தான் உண்டு என்று கண்டுபிடித்தவர் ஹேமலதா.

பாக்கியலட்சுமி அம்மா தட்டோடு வந்தார். சர்க்கரை போடாத காபி, மாரி பிஸ்கட். குனிந்த தலை நிமிரவில்லை.

"மூக்கும் முழியுமா இருக்குது பொண்ணு," என்றார் மண்ணாங்கட்டி. அவரை யாரும் பேசச் சொல்லவில்லை.

"பேசாம பிஸ்கட்டத் தின்னுங்க சம்பந்தி," என்றார் ஹேமலதா.

நான் என் வேலையைச் செய்தேன்.

"மாப்பிள்ளையப் பிடிச்சிருக்காம்மா?"

அவர் நிமிர்ந்து, மாப்பிள்ளையை நன்றாகவே பார்த்தார். கத்தவில்லை.

"ஆளு நல்லாத்தான் இருக்காரு மாமா. எனக்குத்தான் இப்ப கல்யாணம் வேணாம். டீச்சர் டிரெயினிங் படிக்கப் போறேன்."

நான் ஜானகிராமனைப் பார்த்தேன். கல்யாணமாகி நாற்பத்தொன்பது வருஷம். டீச்சர் டிரெயினிங் விஷயத்தை அவரும் அன்றுதான் கேள்விப்படுகிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"அன்னிக்கு இவகிட்ட யாரும் கேக்கலீங்க," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

வேண்டாமென்றால் உடனே பதில் போட்டுவிட வேண்டும், வந்தவர்களைக் காக்க வைப்பது முறையில்லை என்று பாக்கியலட்சுமி அம்மா கண்டிப்பாகச் சொன்னார். ஆபீஸிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் எடுத்துவந்தேன்.

"பெண்ணுக்கு மேற்படிப்பில் விருப்பம் இருப்பதால் தங்கள் சம்பந்தத்தை ஏற்க இயலவில்லை. தங்களுக்கு நல்ல இடம் அமையக் கடவுளை வேண்டுகிறோம்" என்று எழுதினேன்.

விலாசத்தை ஜானகிராமனே சொன்னார். கதவு எண்ணை இரண்டு தடவை சொன்னார்.

பாக்கியலட்சுமி அம்மா மடித்து ஒட்டுவதற்குக் கடிதத்தை உள்ளே எடுத்துப் போனார்.

"கத்தலியே சார். அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரலாம்," என்றார் ஹேமலதா.

ஜானகிராமன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "யாரா வரட்டும்?"



"வேற சட்டை போட்டுகினு வாங்க," என்றார் மண்ணாங்கட்டி.

அதற்குள் பாக்கியலட்சுமி அம்மா வெளியே வந்தார். யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்பதெல்லாம் போய்விட்டிருந்தது. கையில் கடிதம் மட்டும் இருந்தது. வாசலில் செருப்போடு நின்றவர் ஒருவர்தான். அவரிடம் நீட்டினார்.

"ஐயா, போற வழியில இதப் பெட்டியில போட்டுடுங்க. மறந்துடாதீங்க."

"போட்டுடறேம்மா."

தெருமுனைத் தபால் பெட்டி எங்கள் கேட்டிலிருந்து தெரியும். ஜானகிராமன் அதற்கு முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"கிழிச்சிடுவாரு பாருங்க," என்றார் மண்ணாங்கட்டி.

ஜானகிராமன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். ஓரம் ஒன்று சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது. எச்சில் தொட்டு, பெட்டியின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

பிறகு உள்ளே போட்டார்.