சாய்மானம்

கல்வீடுகளும் பழைய தேவாலயமும் இருந்த அந்த இங்கிலாந்துக் கிராமத்தைத் தாண்டி, ஆடுகள் மேயும் வயல்களுக்கு நடுவே பூரணவல்லியை மருமகள் நடத்திக் கூட்டிப்போனாள். மேட்டில் ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. செத்தவர் பெயரில் பெஞ்சு போடுவது அங்கே வழக்கமாம். சாய்மானத்தில் மகன் அருணகிரியின் பெயரை இங்கிலீஷில் செதுக்கியிருந்தார்கள்.

“உக்காருங்கத்தை. உக்காரத்தானே போட்டிருக்கோம்.”

“பிள்ளை மேலயா?”

அழுகை வரவில்லை. விமானம் ஏறியதிலிருந்தே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப்புல்லில் நின்றாள். பலகையிலிருந்த பறவை எச்சத்தை முந்தானையால் துடைத்தாள்.

நாயோடு மேடேறி வந்த வெள்ளைக்காரக் கிழவர் மூச்சிரைத்தபடி பெஞ்சின் நுனியில் ஒண்டி உட்கார்ந்தார்.

பூரணவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மருமகளிடம் சொன்னாள்:

“நல்லா சாஞ்சு உக்காரச் சொல்லு.”