போரி இளைத்த கணக்கு

ஐந்து. நாலரை. மூன்று. போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டு.

நோட்டில் தன் கையால் எழுதிய எண்களை விரல் வைத்து மறுபடி படித்துவிட்டு தல்சூ மூடினார். பத்தே வாரம். ஒரு பூனை கண்ணெதிரே கற்பூரமாய்க் கரைந்துகொண்டிருந்தது.

பூனை ஆஸ்பத்திரி மோக்போ துறைமுகத்துக்கு மேலே, மேட்டுத் தெருவில் இருந்தது. நூற்றுச் சொச்சம் படி ஏறுவதற்குள் கூடையை மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். நாற்பது கிலோ சிமென்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறினவன், இரண்டு கிலோ பூனையைச் சுமக்க முடியாமல் சுவரைப் பிடித்து நிற்கிறானே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஐம்பத்தொன்பது வயதென்றால் சும்மாவா.

பக்கத்து நாற்காலியில் வெள்ளைப் பூனையோடு உட்கார்ந்திருந்த அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

"ஆம்பளப் பூனைங்க."

"அடப் பாவமே. வயிறு இப்படித் தொங்குதே."

"அதாங்க வியாதியே," என்றார் தல்சூ. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினார்.

மே மாதம் போரிக்குத் தடுப்பூசி போட வந்தபோது டாக்டரம்மா கொடுத்த தாள் அது. தல்சூ எழுத்துப் படித்ததே ஐம்பத்திரண்டு வயதில், வட்டார நல மையத்தின் சாயங்கால வகுப்பில். அதனால் அச்சில் வந்த எதையும் அவர் சந்தேகப்படுவதில்லை.

'மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, வரும் எண்ணில் உங்கள் எடையைக் கழியுங்கள். எடை குறைந்து வயிறு மட்டும் உப்பினால் தாமதிக்க வேண்டாம்.'

அவர் மாதம் ஒருமுறை இல்லை, வாரம் ஒருமுறை பார்த்தார். கழித்தலில் அவர் கொஞ்சம் வீக் என்பதால் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை கழித்தார். இரண்டு முறையும் போரி இளைத்துத்தான் இருந்தான்.

வெயில் ஏறிய ஜூன் மாதம் அரைக் கிலோ குறைந்தது. அன்றைக்கே மீனைக் கூட்டினார். எண் இறங்க இறங்க மீன் ஏறியது. கட்டட வேலையில் அவரோடு கம்பி கட்டும் ஹக்கியூ தினமும் மதியம் சிரிப்பான்.

"அண்ணே, அடுத்த பிறவியில உன் வீட்டுப் பூனையாப் பொறந்துட்டாப் போதும்ணே."

"நீ பூனையாப் பொறந்தாலும் வேலைக்கு லேட்டாத்தான்டா வருவ," என்று சொல்லிவிட்டுத் தன் பொட்டலத்து மீனைத் தனியாக மடித்து வைப்பார் தல்சூ. தெருமுனைச் சீமைப்பனிச்சை மரத்தடியில், மண் இளகலாக, குழி தோண்ட வாகாக இருக்கிற இடம் ஒன்றையும் பார்த்து வைத்திருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"போரி அப்பா, உள்ள வாங்க," என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

இங்கே எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமே ஆகாத தல்சூவுக்கு ஒவ்வொரு தடவையும் காது சூடாகும்.

"எத்தனை நாள் தாங்கும்னு மட்டும் சொல்லிடுங்க டாக்டரம்மா. மனசைத் தேத்திக்கறேன்."

"இருங்க, மொதல்ல பாப்போம். நல்லாச் சாப்பிடறானா?"

"சாப்பாட்டுக்குக் குறையே வெக்கல. காலைல கோழி, சாயங்காலம் மீனு, நடுவுல நெத்திலி. சைட்டுல எனக்குக் குடுக்கற கானாங்கெளுத்திகூட இவனுக்குத்தான் வருது."

டாக்டரம்மா போரியின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். ஈறைத் தொட்டார். வாலைத் தூக்கிக் காய்ச்சல் பார்த்தபோது போரி அவர் கையுறையைக் கடித்தான். சாகப்போகிற பூனைக்கு இத்தனை ரோஷம் ஆகாது என்று தல்சூவுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியாக டாக்டரம்மா இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "தண்ணி கோத்த மாதிரி இல்லையே," என்று முணுமுணுத்தார்.

"அதைவிடப் பெருசா டாக்டரம்மா?"

டாக்டரம்மா தல்சூவின் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே எண்ணின் மேல் விரல் நின்றது.

"இந்த அறுபத்தொண்ணு என்னது?"

"அதான் என் எடை. ஏப்ரல்ல கம்பெனி உடம்பு பரிசோதனையில எடுத்தது. காகிதம் இருக்கு, முத்திரையோட." இந்த ஒரு எண்ணிலாவது தப்பு இருக்க முடியாது என்கிற தெம்பில் அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போரியைத் தூக்கி மேசை மேலிருந்த எடைக்கருவியில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

தல்சூ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்னன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் டாக்டரம்மா. "பட்டினி."

"பட்டினியா? என் தட்டுல இருக்கறதப் பூரா இவனுக்குத்தானே போடறேன்."

டாக்டரம்மா எடைக்கருவியின் முகத்தை அவர் பக்கம் திருப்பினார். ஏழு புள்ளி மூன்று.

"அதனாலதான், போரி அப்பா. இளைச்சது நீங்க."