நேரே வீட்டுக்கு

மரிவிக் துக்கத்துக்குப் பெட்டியோடு வந்திருந்தாள்.

சக்கரம் வைத்த நீலப் பெட்டி. அஞ்சலிக் கூடத்தின் வாசலில் அதை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். எல்லார் கண்களும் பெட்டியைப் பார்த்தன, பிறகுதான் அவளை.

"இன்னைக்கேவா கிளம்புற?" என்றாள் மிண்டா. ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கும் அந்தப் பெண்கள் கூட்டத்தில் அவள் மூத்தவள். எல்லாருக்கும் அக்கா.

"ஆமாக்கா. சாயங்காலம் விமானம்."

"எடித்தா இங்க கிடக்கிறா. நீ ஊருல போய்க் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போறியாக்கும்?"

மரிவிக் எடித்தாவின் சவப்பெட்டிப் பக்கம் போனாள்.

எடித்தாவும் அவளும் பிலிப்பைன்ஸின் சமார் தீவில் ஒரே ஊர்க்காரிகள். சேர்ந்து போவதற்காகத்தான் அந்தப் பயணச்சீட்டை எடுத்திருந்தார்கள். புயலில் எடித்தாவின் பழைய வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. இங்கிருந்தபடியே மேட்டில் ஒரு புது வீடு கட்டினாள். கட்டினாளே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. ஊருக்குப் போய்வரும் மரிவிக்கிடம்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வாள்: ஜன்னல் எந்தப் பக்கம், வாசலில் நிழல் விழுமா.

போன வாரம் வேலை செய்த வீட்டில், அடுப்படியில் சுருண்டு விழுந்தவள் எழவே இல்லை. உடம்பு அடுத்த வாரம் சரக்கு விமானத்தில் போகும்.

"ஒரு வாரம் தள்ளிப்போட்டு அவகூடவே போகலாம்ல?"

"சரக்கு விமானத்துல என்னை ஏத்த மாட்டாங்கக்கா."

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல."

ஜெபம் முடிந்தது. மரிவிக் சவப்பெட்டியின் மேல் குனிந்து என்னவோ முணுமுணுத்தாள். கண்ணீர் அதன் கண்ணாடி மூடியில் விழுந்துவிடாமல் கையை முகத்துக்குக் கீழே ஏந்திக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று வெளியே போய்ப் பெட்டியின் பிடியை இழுத்தாள்.

"எங்கடி ஓடுற? காப்பி குடிச்சிட்டுப் போ."

துக்கத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போகக்கூடாது. வழியில் ஏதாவது ஒரு கடையில் நுழைந்து, ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். பிலிப்பைன்ஸ்காரர்களில் இதை மீறுகிறவர் கிடையாது.

"வேணாங்க்கா. நான் எங்கேயும் நிக்கல. நேரே வீட்டுக்குப் போறேன்."

பக்கத்தில் நின்ற நெனிதா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "பைத்தியமா உனக்கு? வயசான உங்கம்மா இருக்கிற வீடுடி அது!"

மரிவிக் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

காப்பிக் கடையில் மற்றவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"ஒரு காப்பிக்குக்கூட நேரமில்லாத சிநேகிதம்!" என்றாள் நெனிதா. "உயிரோட இருந்தப்போ ஈஷிக்கிட்டே திரிஞ்சா."

"விடு. அந்த எடித்தா மட்டும் என்னவாம்? ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பினவ, கப்பல் ஏறி வேற தீவுக்குப் போய் இறங்கினாளே!" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள்.

"ரயில் நிலையத்துல எந்த வாசல்ல ஏறி வரணும்னு கடைசிவரைக்கும் அவளுக்குத் தெரியல. 'மரிவிக், நான் எங்க இருக்கேன்?'னு ஃபோன் போடுவா பாரு..."

"இவளும் திட்டிக்கிட்டே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவா."

சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. மிண்டா மூக்கைத் துடைக்கக் கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினாள். கையில் ஒரு ஃபோன் தட்டுப்பட்டது.

"அய்யோ, ஜெபம் பண்ணும்போது மரிவிக் குடுத்து வெச்சது! இதில்லாம எப்படிப் போவா?" பாதிக் காப்பியோடு எழுந்தாள். "இருங்க, குடுத்துட்டு நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரேன்."

விமான நிலையப் பேருந்து நிற்கும் சாலையில் மரிவிக்கின் முதுகு தெரிந்தது. பெட்டி கடகடவென்று பின்னால் உருண்டது. தலையை ஆட்டி ஆட்டி யாருடனோ பேசிக்கொண்டே போனாள். நடுவே சிரித்தாள்கூட.

பார்த்தியா, அடக்கம்கூட ஆகல, அதுக்குள்ள ஃபோன்ல சிரிப்பு! மிண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது.

ஃபோன் தன் கையில் இருக்கிறது.

இன்னும் கிட்டே போனாள். காதில் விழுந்தது.

"அந்தப் படியில ஏறாதடி, அது ரயிலுக்கு. என் பின்னாடியே வா. பராக்குப் பாக்காத. ஊருல இறங்கினதும் கடற்கரைப் பக்கம் போயிடாத, அங்க ஒண்ணுமில்ல, வெறும் தண்ணி. சர்ச்சைத் தாண்டி மேடு ஏறணும். பச்சைக் கூரை. உன்னை உன் வாசல்ல விட்டுட்டுத்தான் நான் எங்க வீட்டுக்குப் போவேன்."

மிண்டா கூப்பிடத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் நின்றுவிடுவாள்.

ஓடிப்போய்ப் பக்கத்தில் நடந்தபடியே ஃபோனை அவள் கோட்டுப் பைக்குள் போட்டாள். மரிவிக் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"நிக்கச் சொல்லாதீங்கக்கா."

"சொல்லலடி. நீ நட."

பெட்டியை வாங்கித் தானே இழுத்துக்கொண்டாள் மிண்டா. அவளை ஒட்டி நடக்கப் போனவள், சட்டென்று ஓர் அடி விலகிக்கொண்டாள்.

நடுவில் எடித்தாவுக்கு இடம் வேண்டுமே.