ஐந்து காப்புகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவில் உள்ள ஐந்து பேரும் எங்காவது கூடிச் சிரித்துப் பேச வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. அவர்கள் கையில் மாட்டிவிட்ட மின்னணுக் காப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா என்று கம்பெனி பார்த்துக்கொண்டே இருக்கும். இவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? வாரம் ஒருவர் ஐந்தையும் மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். மற்ற நால்வரும் வீட்டில் தூங்குவார்கள்.

இந்த வாரம் குணவதியின் முறை. பார்த்தால் அன்றைக்கே வீடு மாற்ற வேண்டியதாகிவிட்டது. அவளுக்குப் பதிலாகக் காப்புகளை வாங்கிப்போக வந்த பரீத், மாடிப்படித் திருப்பத்தில் சிக்கி நின்ற பீரோவைப் பார்த்தான்.

“என்னக்கா, தனியாவா மல்லுக்கட்டுறீங்க?”

உடனே மற்ற மூவருக்கும் போன் போட்டான்.

இருட்டுவதற்குள் பீரோ மேலே ஏறிவிட்டது. வெறுந்தரையில் வட்டமாக உட்கார்ந்து ஐவரும் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது போனில் கம்பெனியின் செய்தி வந்தது: ‘இன்று உங்கள் குழு கூடவில்லை. நெருக்கம் பூஜ்யம். நாளை குழு கலைக்கப்படும்.’

குணவதி கழற்றி வைத்த காப்புகள் சமையல் சாமான் பெட்டிக்குள் மறந்தே கிடந்தன. கையில் இல்லாத காப்பு கணக்கில் வராது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கலைச்சா கலைச்சிட்டுப் போறாங்க,” என்றான் பரீத், சால்னாவை ஊற்றிக்கொண்டே. “அடுத்த ஞாயிறு என் வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். எல்லாரும் வந்துருங்க.”