தேய்த்த அம்புகள்

தாடிக்கொம்பு பக்கத்து மைதானத்தில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அறிவுச்செல்வி நாணை இழுத்து விடுகிறாள். மூங்கில் அம்பு இந்த முறையும் இலக்கின் வலது ஓரத்தில் போய்க் குத்துகிறது. பிரசவத்துக்குப் பிறகு அவள் வில்லெடுத்திருக்கும் முதல் போட்டி இது. கயிற்றுக்கு வெளியே கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி நிற்கும் அவள் கணவன் செழியன் அம்பு குத்திய இடத்தையே பார்க்கிறான். அவளுக்குத் தெரியாமல் அம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கியவன் அவன்தான். தன்னிடமுள்ள மாற்று அம்பு ஒன்றை விரலால் அழுத்திப் பார்க்கிறான். மூங்கிலின் மேல்தோலோடு விறைப்பும் போயிருக்கிறது. தொட்டவுடன் வளைகிறது; அதனால்தான் வலப்பக்கம் விலகிப் போகிறது. இரண்டாவது அம்பிலேயே அவனுக்குச் சந்தேகம் தட்டியது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

கடைசி அம்போடு அவள் கயிற்றருகே வருகிறாள். "என் கை போச்சுங்க. இனிமே இந்த வில்லே வேணாம்."

"ஒன் கை இல்ல செல்வி. நாந்தான் அம்பைத் தேச்சிட்டேன். மழமழன்னு இருந்தா நேராப் போகும்னு நெனச்சேன்."

அவள் அம்பை லேசாக வளைத்துப் பார்க்கிறாள். "இம்புட்டு நேரம் ஏன் சொல்லல?"

குழந்தை அவன் சட்டைக் காலரைச் சப்புகிறது. அவள் திரும்பிப் போய், இலக்குக்கு இடதுபுறம் தள்ளிக் குறிவைத்து விடுகிறாள். அம்பு நடு மஞ்சள் வட்டத்தில் குத்தி நிற்கிறது. யாரோ கைதட்டுகிறார்கள். இந்த ஒன்றால் அணியில் இடம் கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும். அவள் தன் வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.