ஒன்பதாம் படுக்கையின் மருதாணி

எங்கள் வார்டில் முப்பது படுக்கைகள். பன்னிரண்டு நர்சுகள் இருந்தோம். ஒவ்வொருவராக ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். துனிசியாவின் இந்த மூலையில் இப்போது நானும் தோர்சாஃபும்தான், ஆளுக்கு ஒரு ஷிஃப்ட்.

ட்ரிப்ஸ் பாட்டில் மாற்றினால் பிளாஸ்டர் துண்டில் நேரம் எழுதி ஒட்டுவோம். பெருநாளுக்கு முந்தைய நாள், ஒன்பதாம் படுக்கை மன்னூபியா கிழவியின் பாட்டில் காலை பத்து மணிக்குத் தீர வேண்டும். அவசரப் பிரிவுக்கும் என்னையே கூப்பிட்டுவிட்டார்கள். பதினொன்றரைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தேன். புதுப் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டரில் 10.05 என்றிருந்தது.

"யாரும்மா மாத்துனது?"

"கன்னத்துல மச்சம் வச்ச பொண்ணு, மவளே. நிக்க நேரமில்லன்னு ஓடுனா. விடுவேனா? பெருநாளும் அதுவுமா வெறுங்கையோட போறியான்னு சுண்டுவிரல்ல மருதாணி வச்சுவிட்டேன்."

கிழவியின் மகள் கொண்டுவந்த மருதாணிக் கிண்ணம் ஜன்னலில் இருந்தது. தோர்சாஃபுக்கு மச்சம் கிடையாது. மச்சம் ஹயாத்துக்குத்தான். அவள் ஜெர்மனி போய் எட்டு மாதம் ஆகிறது.

மதியம் ஹயாத்தே வீடியோவில் கூப்பிட்டாள்.

"நைட் டூட்டி முடிஞ்சு காலைல வந்து படுத்தா, கனவுலயும் நம்ம வார்டுதான்டி. அங்கயும் ஓடிக்கிட்டே இருக்கேன்."

"இன்னைக்கு எந்தப் படுக்கை?"

"அதெல்லாம் ஞாபகமில்ல."

முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள். சுண்டுவிரல் நுனி சிவந்திருந்தது.

இன்னும் ஆறு பாட்டில்கள் மாற்ற வேண்டியிருந்தது.

"போயி இன்னும் கொஞ்சம் தூங்குடி" என்றேன்.